லேன் கார்டுக்காகக் கணினியையே மாற்றுவதா?

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் இடியும் மழையும் நம் கடற்கரையைத் தாக்கி ஓய்ந்தபின், கருவடிக்குப்பத்து இல்லங்கள் சிலவற்றில் ஒரே விதமான குறை எழுவதைக் காண்கிறோம். கணினி இயங்குகிறது, திரை ஒளிர்கிறது, எழுதவும் படிக்கவும் இயலுகிறது. ஆனால் இணையம் மட்டும் வருவதில்லை. கடைக்கு எடுத்துச் சென்றால், “மதர்போர்டு போய்விட்டது, புதிதாகவே வாங்கிவிடுங்கள்” என்னும் விடை கிடைப்பதும் உண்டு. ஆயிரங்களைக் கேட்ட குடும்பத் தலைவர் திகைக்கிறார். தேர்வுக் கட்டணத்தை இணையத்தில் செலுத்த வேண்டிய கடைசி நாளை எண்ணி மகள் கலங்குகிறாள். பிரான்சு நாட்டிலுள்ள பேரனை ஞாயிறுதோறும் திரையில் கண்டு மகிழும் பாட்டிக்கோ அந்த மகிழ்ச்சியும் இல்லாமற்போகிறது.

அன்பு வாசகர்களே, இத்தகைய நேரங்களில் அவசரப்பட்டுப் பணத்தை எடுத்து நீட்ட வேண்டா. பழுதானது பல வேளைகளில் கணினி அன்று; கம்பி வந்து சேரும் வாய் மட்டுமே. சில நூறு ரூபாய் விலையுள்ள லேன் கார்டு ஒன்றைப் பொருத்தினால், அதே கணினி இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடும். அதைத் தெரிந்தெடுப்பது எப்படி, பொருத்துவது எப்படி என்பதே இத்திங்கள் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

கார்டின் பணி யாது?

கணினிக்குள் இருக்கும் செய்தி கம்பியின் வழியே செல்ல வேண்டுமாயின், அதற்கேற்ற மின்குறிகளாக மாற வேண்டும். இம்மாற்றத்தைச் செய்வது லேன் கார்டு. அது செய்தியைச் சிறு கட்டுகளாக அனுப்புகிறது; நம் வீட்டு வலைக்குள் அக்கட்டு யாரிடமிருந்து யாருக்குச் செல்கிறது என்னும் முகவரிகளை அதன்மேல் பொறிக்கிறது; வழியில் சிதைந்து வந்த கட்டை அடையாளம் கண்டு ஒதுக்குகிறது. இதற்கென 48 பிட் நீளமுள்ள தனி முகவரி ஒன்று ஒவ்வொரு கார்டுக்கும் தொழிற்சாலையிலேயே வழங்கப்படுகிறது. இக்காலத்துக் கணினிகள் பெரும்பாலானவற்றில் இவ்வேலையைச் செய்யும் சில்லு மதர்போர்டிலேயே பதிக்கப்பட்டிருப்பதால், கார்டு என்று தனியே ஒன்று நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இம்முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். அமெரிக்காவில் சிராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பணியாற்றிய இராபர்ட் மெட்காஃப், 1973 மே 22 அன்று எழுதிய குறிப்பொன்றில் இதன் கருத்தை விளக்கினார். அவரும் டேவிட் பாக்ஸ் என்பவரும் சேர்ந்து அமைத்த முதல் வலையின் வேகம் வினாடிக்கு 2.94 மெகாபிட் மட்டுமே. 1980ஆம் ஆண்டில் சிராக்ஸ், இன்டெல், டிஜிட்டல் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஒன்றுகூடி இம்முறையின் விதிகளை வெளியிட்டன. 1983இல் அது ஐ.இ.இ.இ. அமைப்பின் பொதுத் தரமாயிற்று. 1995இல் வேகம் 100 மெகாபிட்டாகவும், 1999இல் சாதாரணச் செம்புக் கம்பியிலேயே 1,000 மெகாபிட்டாகவும் உயர்ந்தது.

இவ்வரலாற்றை இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. விதிகள் எல்லார்க்கும் பொதுவாக இருப்பதனால்தான், ஒரு நிறுவனத்தின் கார்டு மற்றொரு நிறுவனத்தின் ரவுட்டரோடு தடையின்றிப் பேசுகிறது. கடைக்காரர் காட்டும் ஒரே பெட்டியை நம்பியிருக்க வேண்டிய நிலை நமக்கு இல்லை.

நம் புதுச்சேரியில் ஒரு சான்று

எவ்வளவு பெரிய வலையாயினும், அதன் பயன் கடைசி இணைப்பைப் பொறுத்தே அமைகிறது. இதற்குச் சான்று தேடித் தொலைவில் செல்ல வேண்டுவதில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு நம் சிற்றூர்களில் அறிவு மையங்களை அமைத்தது. கணினிகளைத் தொலைபேசிக் கம்பியும் வானொலிக் கருவியும் இணைத்தன. கடலலையின் உயரம் பற்றி அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட கணிப்பு, இணையத்தின் வழியே பெறப்பட்டு, வீராம்பட்டினத்து மீனவர்க்கு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கை நல்லவாடு மக்களுக்கு அவ்வூர் மையத்தின் ஒலிபெருக்கி வாயிலாகவே பரவியது. மக்கள் கரையைவிட்டு அகன்று உயிர் பிழைத்தனர். கடல் கடந்து வந்த செய்தி கடைசிச் சில நூறு அடிகளைக் கடக்க முடியாமற்போயிருப்பின், அது வந்தும் வாராததாகவே முடிந்திருக்கும். நம் இல்லத்தில் அந்தக் கடைசி இணைப்பாக இருப்பது லேன் கார்டு.

பழுது எங்கே என்று முதலில் காண்க

கார்டு வாங்குமுன் நோயை அறிதல் வேண்டும். கம்பி செருகும் வாயின் ஓரத்தில் சிறு விளக்குகள் இருக்கும். கணினி இயங்கும்போது அவை ஒளிர்ந்தால் மின்தொடர்பு உண்டு என்று கொள்ளலாம். ஒளிராவிடில், ரவுட்டரில் வேறு வாயில் கம்பியைச் செருகிப் பாருங்கள். பின்னர் வேறு கம்பியை இட்டுப் பாருங்கள். அதன்பின் அதே கம்பியை அண்டை வீட்டாரின் மடிக்கணினியில் செருகிப் பாருங்கள். அங்கு விளக்கு எரிந்து இங்கு எரியாதிருந்தால், ஐயம் நம் கணினியின்மேல் திரும்புகிறது. அப்போதும், பயாஸ் அமைப்பில் லேன் வசதி நிறுத்தப்பட்டிருக்கிறதா என்றும், விண்டோசின் டிவைஸ் மேனேஜரில் அதன் பெயர் காணப்படுகிறதா என்றும் பார்த்துவிடுதல் நன்று. டிரைவர் எனப்படும் மென்பொருள் கெட்டிருந்தால், அதனை மீண்டும் ஏற்றினாலே குறை நீங்கிவிடும். அதற்குச் செலவே இல்லை.

இன்னொன்று: லேன் கம்பிக்குள் 8 இழைகள் 4 இணைகளாக முறுக்கப்பட்டுள்ளன. 100 மெகாபிட் வேகத்துக்கு 2 இணைகள் போதும். 1,000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஓர் இழை அறுந்தால், வேகம் 100க்கு இறங்கிவிடக்கூடும். கம்பியின் குற்றத்தைக் கார்டின்மேல் சுமத்தலாகாது.

தெரிந்தெடுக்கும் முறை

முதலாவது, பொருத்தும் இடம். கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளமுள்ள குறுகிய பள்ளம் இருப்பின் அது பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வகை. அதற்கான குறுங்கார்டு, அதே வகையைச் சேர்ந்த நீண்ட பள்ளத்திலும் அமர்ந்து வேலை செய்யும். மிகப் பழைய கணினியில் பி.சி.ஐ. என்னும் நீண்ட பள்ளம் மட்டுமே இருக்கலாம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. ஐயமிருந்தால் கைப்பேசியில் படமெடுத்துக் கடையில் காட்டுங்கள்.

இரண்டாவது, உயரம். ஒடுங்கிய பெட்டியாயின் ஏறத்தாழ 80 மில்லிமீட்டர் உயரமுள்ள குட்டைத் தகடு வேண்டும். பெரிய பெட்டிக்கு 120 மில்லிமீட்டர் தகடு. இரண்டு தகடுகளும் சேர்ந்து வரும் கார்டை வாங்குவது அறிவுடைமை.

மூன்றாவது, வேகம். பெட்டியின்மேல் 10/100/1000 என்று அச்சிட்டிருப்பின் அது கிகாபிட் கார்டு. வீட்டுக்கு அதுவே போதுமானது. 10/100 என்று மட்டும் இருப்பதை விலை குறைவென்று வாங்கினால், 100 மெகாபிட்டுக்கு மேற்பட்ட இணைப்புக்கு நாம் கட்டும் பணம் வீணாகும். 2.5 கிகாபிட் கார்டுகளும் கிடைக்கின்றன. ஆனால் ரவுட்டரும் அவ்வேகத்துக்கு ஏற்றதாக இல்லாவிடில் அதனால் ஆதாயமில்லை.

நான்காவது, சில்லு. ரியல்டெக், இன்டெல் ஆகிய நிறுவனங்களின் சில்லுகள் பரவலாகப் பயன்படுவதால், அவற்றின் டிரைவர் எளிதில் கிடைக்கும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. ஆகவே பழைய கணினிகளில் லினக்சு ஏற்றுவோர் இருக்கின்றனர். அவர்கள் தாங்கள் வாங்கும் சில்லு லினக்சில் இயங்குமா என்று கேட்டறிந்து வாங்குவார்களாக.

பள்ளமே இல்லாத கணினிக்கும் மடிக்கணினிக்கும் யு.எஸ்.பி. வாயில் செருகும் லேன் அடாப்டர் உண்டு. பெட்டியைத் திறக்க அஞ்சுவோர்க்கும் அது ஏற்றது. யு.எஸ்.பி. 2.0இன் உச்ச வேகமே 480 மெகாபிட் ஆதலால், கிகாபிட் வேண்டுவோர் யு.எஸ்.பி. 3.0 வகையையே கேட்டு வாங்க வேண்டும். கணினியிலும் அவ்வகை வாய் இருத்தல் வேண்டும்.

பொருத்தும் முறை

கார்டு பொருத்துமுன் அதன் டிரைவரைப் பென் டிரைவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையம் வர டிரைவர் வேண்டும், டிரைவரைப் பெற இணையம் வேண்டும் என்று பின்னர் தவிக்க நேரலாகாது.

கணினியை முறைப்படி நிறுத்தி, மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பின் பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தினால், உள்ளே எஞ்சிய மின்சாரம் வடியும். பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். நம் உடலில் தேங்கிய நிலைமின்சாரம் சில்லைக் கெடுக்காதிருக்க இது உதவும். பள்ளத்துக்கு நேரே பின்புறமுள்ள சிறு தகட்டை அகற்றுங்கள். கார்டின் ஓரங்களை மட்டும் பற்றுங்கள். பொன்முலாம் பூசிய பற்களை விரலால் தொட வேண்டா. கடற்காற்றின் உப்பும் தூசியும் நம் ஊர்க் கணினிகளில் படிவது இயல்பாதலால், பள்ளத்தை உலர்ந்த மென்தூரிகையால் துடைத்துவிடுங்கள். பின் கார்டை நேராக வைத்து, இரு முனைகளிலும் ஒரே அளவாக அழுத்துங்கள். அது முழுதும் அமர்ந்தபின் திருகாணியை முடுக்குங்கள். திருகாணி உள்ளே விழுந்தால், அதை எடுக்காமல் மின்சாரம் கொடுக்கலாகாது.

பெட்டியை மூடிக் கம்பியைப் புதிய வாயில் செருகிக் கணினியை இயக்கினால் விளக்கு ஒளிரும். விண்டோஸ் தானே கார்டை அறிந்துகொள்ளாவிடில் பென் டிரைவிலுள்ள டிரைவரை ஏற்றுங்கள். ரவுட்டர் இன்றி நேரடியாக இணைப்புப் பெறும் வீடுகளில், புதிய கார்டின் 48 பிட் முகவரியை இணைப்புக் கொடுப்பவரிடம் தெரிவிக்க வேண்டியிருக்கலாம். கார்டு நலமாயிருந்தும் இணையம் வாராததற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்னலிலிருந்து காத்தல்

மொட்டைமாடி விட்டு மொட்டைமாடிக்குச் செம்புக் கம்பி இழுத்திருந்தால், அருகில் மின்னல் பாயும்போது அக்கம்பியில் மின்னழுத்தம் திடீரென எழுகிறது. லேன் வாய்க்குள் இருக்கும் சிறு டிரான்ஸ்பார்மர் 1,500 வோல்ட் வரை தாங்குமாறு அமைக்கப்பட்டதே. மின்னலுக்கு முன் அது எம்மாத்திரம்? இடிக்குறி கண்டவுடனே, புயல் நெருங்குமுன், மின்செருகியோடு லேன் கம்பியையும் கழற்றிவிடுங்கள். பலர் முன்னதைச் செய்து பின்னதை மறந்துவிடுகின்றனர். இடி முழங்கிக்கொண்டிருக்கும்போது கம்பியைத் தொடலாகாது. கண்ணாடி இழைக் கம்பியில் மின்சாரம் ஓடுவதில்லையாயினும், அதன் பெட்டியிலிருந்து கணினிக்கு வரும் கம்பி செம்புதான். ஆதலால் அதற்கும் இவ்விதி பொருந்தும்.

பழுதான கார்டைக் குப்பையில் எறிய வேண்டா. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, அது முறையாகச் சேகரிப்போரிடம் செல்ல வேண்டிய பொருள். புதுக் கணினி வாங்கியே தீர வேண்டிய நிலை சில இல்லங்களில் வரலாம். அப்போதும், ஒரு வாய் மட்டும் கெட்ட பழைய கணினியை மூலையில் கிடத்தாமல், ஒரு கார்டு வாங்கிப் பொருத்தி, கணினி இல்லாத அண்டை வீட்டு மாணவனுக்குக் கொடுங்கள். உங்களுக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். அவன் படிப்புக்கோ அது பேருதவி.