திரும்பி வந்த எறும்பு

படைப்புகளைக் கண்டு சிந்திக்குமாறு திருக்குர்ஆன் நம்மைப் பலமுறை அழைக்கிறது. போர்னியோ தீவின் காடுகளில் வளரும் குடுவைத் தாவரம் அத்தகைய சிந்தனைக்குரிய ஒரு படைப்பாகும். சத்துக் குறைந்த மண்ணில் வாழும் அதற்குத் தேவையான நைட்ரஜனை, குடுவைக்குள் விழும் பூச்சிகளின் வழியாக அல்லாஹ் வழங்குகிறான். அப்பூச்சிகளில் எறும்புகள் மிகுதி.

குடுவையின் விளிம்பில் தேன் சுரக்கிறது. மழையோ பனியீரமோ பட்டால், அங்கே கால் வைத்த பூச்சி வழுக்கி உள்ளே விழும். வெயில் நேரத்தில் விளிம்பு உலர்ந்துவிடும். அப்போது வரும் எறும்பு தேனை அருந்திவிட்டுப் பத்திரமாகத் திரும்பும். பொறியின் குறைபாடாகத் தோன்றும் இதன் பயனை, பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் விளக்கினர். தப்பிச் சென்ற வேவு எறும்பு தன் கூட்டத்தையே அழைத்து வருகிறது. விளிம்பு நனையும் வேளையில் கூட்டமாக வீழ்கின்றன.

இன்று கைப்பேசி வழியே நம் இளைஞர்களைச் சூழும் இணையச் சூதாட்டமும் இவ்வாறே ஆள் சேர்க்கிறது. முதல் நாள் சிறு தொகை வென்றவன், மகிழ்ச்சியோடு நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்புகிறான். அவனிடம் வஞ்சகம் இல்லை. தான் பிழைத்ததையே சான்றாகக் காட்டுகிறான்.

பெற்றோர் பலர் பணம் பறிபோன பின்பே கண்டிக்கின்றனர். வென்ற அன்றே கண்டிக்க வேண்டும் என்பேன். "விளையாடினால் நஷ்டப்படுவாய்" என்று மட்டும் கற்பித்தால், இலாபத்தோடு வரும் பிள்ளைக்கு நம் அறிவுரை பொய்யாகத் தோன்றும். சூது நஷ்டம் தருவதால் மட்டும் ஹராம் ஆகவில்லை. அல்லாஹ் தடுத்ததால் ஹராம். வென்ற பணமும் ஹராமே. ஷைத்தானின் அடிச்சுவடுகளைப் பின்பற்றாதீர்கள் என்று இறைமறை (24:21) தடுப்பதும், முதல் அடியிலேயே நாம் நின்றுவிடுவதற்காகத்தான்.

அந்நம்ல் அத்தியாயத்தில் (27:18) வேறோர் எறும்பு வருகிறது. சுலைமான் நபி (அலை) அவர்களின் படை வருவதைக் கண்டு, தன் இனத்தைப் புற்றுக்குள் செல்லுமாறு அது எச்சரித்தது. சூதில் இழந்து மீண்ட சகோதரர்கள் வெட்கத்தால் மௌனம் காக்கின்றனர். வென்றவர்களின் குரலே எங்கும் கேட்கிறது. அவர்கள் பேச வேண்டும். அவர்களை இழிவுபடுத்தாமல் கேட்கும் பண்பு நம் ஜமாஅத்துகளுக்கு வேண்டும்.

அழைக்கும் எறும்பாக அன்றி, எச்சரிக்கும் எறும்பாக நம்மையும் நம் சந்ததிகளையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.