குறை கூறுவோரும் விஞ்ஞான வளர்ச்சியும்

புகழ்பெற்ற ஓர் இயந்திரத்தைத் தனியொரு மேதையின் படைப்பாகவே மாணவர்க்கு எடுத்துரைப்பது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் பொருத்தமற்றது என்பதற்குப் பிரிட்டனின் ஸ்பிட்பயர் போர்விமானத்தின் வரலாறே சான்றாகும்.

சூப்பர்மரின் நிறுவனத்தைச் சேர்ந்த ரெஜினால்டு மிச்செல் அதற்கு முன் அமைத்த போர்விமானம், 1934-ஆம் ஆண்டில் பறந்து, எதிர்பார்த்த திறனை எய்தாமையால் ஒதுக்கப்பட்டது. அத்தோல்வி தந்த படிப்பினையோடு, மெல்லிய நீள்வட்டச் சிறகும் மெர்லின் எஞ்சினும் கொண்ட ஸ்பிட்பயர் உருவாகி, 1936-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் தேதி முதன்முதலாகப் பறந்தது. மறு ஆண்டே மிச்செல் தமது 42-ஆம் வயதில் காலமானார். எனினும் வளர்ச்சி தடைப்படவில்லை. அவருக்குப்பின் ஜோசப் ஸ்மித் பணியைத் தொடர்ந்தார். ஏறத்தாழ 1,000 குதிரைச் சக்தியுடன் தொடங்கிய விமானம், இறுதியில் 2,000-க்கும் மேற்பட்ட சக்தியுள்ள கிரிபன் எஞ்சினைத் தாங்கிற்று.

இவ்வளர்ச்சியில் பெரிதும் கருதத்தக்கது ஒரு சிறு தகடு. 1940-ஆம் ஆண்டின் வான்போரில், விமானத்தின் மூக்கைத் திடீரெனத் தாழ்த்தினால் எஞ்சின் திணறுவதை விமானிகள் எடுத்துக் கூறினர். அக்கணத்தில் கார்புரேட்டரின் மிதவை அறையிலுள்ள பெட்ரோல் மேலெழும்புகிறது. முதலில் எரிபொருள் குன்றி, பின்னர் அளவுக்கு மீறிப் பாய்ந்து, எஞ்சின் ஓட்டம் தடைப்படுகிறது. எரிபொருளை நேரே உட்செலுத்தும் முறையைக் கொண்ட ஜெர்மானிய விமானங்களுக்கு இத்தொல்லை இல்லை. பார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தின் பொறியியலறிஞர் பீட்ரிஸ் ஷில்லிங் அம்மையார், எஞ்சினுக்குத் தேவையான உச்ச அளவு பெட்ரோலை மட்டும் விடும் துளையுள்ள தகடொன்றை அமைத்தார். 1941-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் குழுவினர் விமானத் தளங்களுக்கே சென்று அதனைப் பொருத்தினர். அது முழுத் தீர்வன்று; தலைகீழாக நீடித்துப் பறக்க அது உதவாது. ஆயினும் புதிய கார்புரேட்டர் வரும்வரை பல உயிர்களின் பாதுகாப்பு அதனைச் சார்ந்திருந்தது.

குறைகளைக் கற்பித்தால் விஞ்ஞானத்தின்பால் மதிப்புக் குன்றும் எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டற்பாலதன்று. விமானிகள் வாய்மூடி இருந்திருப்பின் அத்தகடு பிறந்திராது. களப்பணியாளர் எழுதும் குறை அறிக்கையும், சோதனை பிழைத்தது ஏன் என்று மாணவன் எழுப்பும் வினாவும் இத்தகையனவே. அவற்றை முறையீடு என்று ஒதுக்காமல் ஆராய்ச்சியின் தொடக்கமாக ஏற்பதே அறிவுடைமையாகும்.