சென்னையைவிட அருகில் ஒரு போர்க்களம்

சிவகாசியில் பட்டாசுத் தொழில் வளர்ந்த கதையில் இரண்டாம் உலகப் போர் தவறாமல் வரும். வெளிநாட்டுச் சரக்கு நின்றதால் உள்ளூர்ப் பட்டாசுக்குக் கிராக்கி கூடியது. அதே போர் நமக்கு எவ்வளவு பக்கத்தில் குண்டு வீசியது என்பதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறார்கள்? 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் இலங்கையின் திருகோணமலையைத் தாக்கின. வானவழியே அளந்தால் சிவகாசிக்குச் சென்னையைவிட அந்த ஊர் அருகில். அன்றே மட்டக்களப்புக் கடலில் 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கி 300க்கும் அதிகமானோர் இறந்தார்கள். மதராஸ் மக்கள் ஊரைக் காலி செய்து ஓடியது அந்த நாட்களில்தான்.

திருகோணமலைக்காக நடந்த போட்டிக்குக் காரணம் அதன் நில அமைப்பு. அங்கே கோணேசர் என்ற சிவனின் கோயில் நிற்கும் பாறை கடலிலிருந்து 300 அடிக்கு மேல் செங்குத்தாக எழுகிறது. அதற்குப் பின்னே, பெரும் போர்க்கப்பல்களும் ஒதுங்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம். பாறையைப் பிடித்தவனுக்கே துறைமுகம். போர்த்துக்கீசியர் 1620களில் கோயிலை இடித்துக் கோட்டை எழுப்பினர். 1639இல் டச்சுக்காரர் பறித்தனர். 1782 என்ற ஒரே ஆண்டில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று இருமுறை கைமாறியது. எத்தனை கொடி மாறினாலும் கோணேசரைத் தொழுதவர்கள் அந்தப் பாறையைக் கைவிடவில்லை. எனக்கு அதுவே பெரிய வரலாறு. துறைமுகத்துக்காகப் பின்னர் ஆங்கிலேயர் அங்கே கட்டிய எண்ணெய்த் தொட்டிகளில் 99 இன்னும் நிற்கின்றன. அவற்றில் 61ஐ இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து மேம்படுத்த 2022 ஜனவரியில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.