கையெழுத்துக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்!

டோனி கையெழுத்துப் போட்ட மஞ்சள் சட்டை! விலை 4,999 ரூபாய். "இன்னும் இரண்டே சட்டைதான் பாக்கி!"

மரக்காணம் உப்பளக் கரையிலோ, இடையஞ்சாவடியிலோ பஸ்சுக்கு நிற்கிற ஒரு வாலிபரின் செல்போனில் இப்படி ஒரு விளம்பரம் வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் என்ன செய்வார்? படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். கையெழுத்து அசல் டோனி கையெழுத்து மாதிரியே இருக்கிறது. கீழே பொன் நிற எழுத்தில் ஒரு சர்ட்டிபிகேட். பணத்தை அனுப்பி விடுவார்.

பணம் போகும். சட்டையும் வரலாம். கையெழுத்துதான் டோனி போட்டதாக இருக்காது.

"கிரிக்கெட் பைத்தியத்துக்கு இது வேண்டியதுதான்" என்று சிரிக்க வேண்டாம். உப்பளத் தொழிலாளிக்கு மழைக்காலத்தில் வேலை இல்லை. அந்த மாதங்களுக்கு நிவாரணமாக அரசு கொடுக்கும் தொகையே 5,000 ரூபாய்தான். ஒரு கள்ளக் கையெழுத்து அதை ஒரே நிமிஷத்தில் விழுங்கி விடும். வாங்குகிறவர் பணக்காரர் அல்ல. மகன் பிறந்தநாளுக்கு ஆசையாக வாங்கித் தருகிற குமாஸ்தாவும் கடைக்காரரும்தான்.

சர்ட்டிபிகேட் யார் கொடுத்தது?

சர்ட்டிபிகேட்டைப் பார்த்ததும் ஆட்கள் மயங்கி விடுகிறார்கள். அதைக் கொடுத்தது யார்? பெரும்பாலும் சட்டையை விற்கிற அதே ஆசாமிதான். தன் மாடு நல்ல மாடு என்று மாட்டுத் தரகரே எழுதிக் கொடுத்தால் சந்தையில் யாராவது நம்புவார்களா? கையெழுத்தையே கள்ளமாகப் போடுகிறவனுக்கு, பளபளப்பு ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை அடிப்பது பெரிய வேலையா?

அமெரிக்காவில் இது பெரிய அளவில் அம்பலமானது. 1990-களின் நடுவில் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் கள்ளக் கையெழுத்தைத் தேடி எப்.பி.ஐ. போலீசார் கிளம்பினார்கள். சான்டியாகோ நகரில் டோனி குவின் என்று ஒரு பேஸ்பால் வீரர். தன் அணியின் ஸ்டேடியம் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்து விற்பதை அவரே கண்டுபிடித்துச் சொன்னார். போலீசார் மாறுவேடத்தில் வியாபாரிகளாக உள்ளே நுழைந்தார்கள். 1999 அக்டோபரில் ஐந்து மாநிலங்களில் அதிரடி சோதனை!

சிக்கிய சரக்கைப் பார்த்து போலீசாரே அசந்து போனார்கள். 1948-ல் இறந்து போன பேப் ரூத்தின் கையெழுத்தையும் அந்தக் கும்பல் விட்டு வைக்கவில்லை. எல்லாவற்றையும் தூக்கி அடித்தது ஒரு பேஸ்பால் பந்து. அதில் இருந்தது அன்னை தெரசாவின் கையெழுத்து! கல்கத்தாவில் தொழுநோயாளிகளுக்குப் பணிவிடை செய்த அன்னை, பேஸ்பால் பந்தில் ஆட்டோகிராப் போட்டாராம்!

அந்தக் கும்பல் விற்ற சரக்கு 10 கோடி டாலர் வரை இருக்கும் என்று கணக்கிட்டார்கள். சும்மா விற்கவில்லை. சர்ட்டிபிகேட்டோடுதான் விற்றார்கள்.

தோள்பட்டை காட்டிக் கொடுக்கும்

போலியைக் கண்டுபிடிக்க வழியே இல்லையா? இருக்கிறது. கையெழுத்தை முதலில் விடுங்கள். பொருளைப் பாருங்கள். கையெழுத்தில் கில்லாடியாக இருக்கிறவன் சரித்திரத்தில் கோட்டை விடுவான்.

சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையின் தோள்பட்டையில் ராணுவ உடை போன்ற பச்சைத் திட்டு இருக்கிறதே, அது 2021-ல்தான் வந்தது. "2018 கோப்பை ஜெயித்த அன்று டோனி கையெழுத்துப் போட்டது" என்று விற்கிற சட்டையில் அந்தப் பச்சை இருந்தால்? அப்புறம் கையெழுத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மார்பில் இருக்கும் கம்பெனிப் பெயரும் அப்படித்தான். சில வருஷத்துக்கு ஒரு முறை அது மாறுகிறது.

1983 உலகக் கோப்பை மட்டை என்றால் தலையை எண்ணுங்கள். கபில்தேவ் அணியில் இருந்தவர்கள் 14 பேர். இறுதி ஆட்டத்தில் அதிகபட்சமாக 38 ரன் அடித்த நம்ம ஊர் ஸ்ரீகாந்தும் அதில் ஒருவர். ஒரு ஆட்டத்தில் கூட இறங்காத சுனில் வால்சனும் ஒருவர். போலி ஆசாமிக்கு வால்சன் பெயர் பெரும்பாலும் ஞாபகம் வராது. யஷ்பால் சர்மா 2021 ஜூலையில் காலமானார். "2022-ல் எல்லா வீரர்களும் சேர்ந்து போட்டது" என்று ஒருவன் சொன்னால், மேலுலகத்துக்கு மட்டையை பார்சலில் அனுப்பினானா என்று கேளுங்கள்.

செஸ்சிலும் இதே கதை நடக்கலாம். இதே கிழக்கு கடற்கரைச் சாலையில்தான் மாமல்லபுரம் இருக்கிறது. 2022-ல் அங்கே செஸ் ஒலிம்பியாட் நடந்தது. குகேஷ் உலக சாம்பியன் ஆனதோ 2024 டிசம்பரில், சிங்கப்பூரில். "உலக சாம்பியன் குகேஷ், மாமல்லபுரம், 2022" என்று எழுதிய செஸ் போர்டு வந்தால், எழுதியவன் ஜோசியக்காரன் அல்லது மோசடிக்காரன்.

பொருள் தப்பித்தால் அடுத்து மை. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். அச்சடித்த கையெழுத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். பேனாவால் போட்டதில் கோட்டின் மேல் கோடு ஏறிய இடம் தெரியும். துணியில் மை கொஞ்சம் கசியும்.

வீரர் கையெழுத்து வேகமாகப் பாய்ந்து கூர்மையாக முடியும். ஆயிரம் பேருக்குப் போட்ட கை அது. போலி ஆசாமி அதைப் படம் வரைகிற மாதிரி மெதுவாக வரைவான். கோடு நடுங்கும். தொடங்கிய இடத்திலும் முடித்த இடத்திலும் பேனா நின்று மொட்டு விழுந்திருக்கும். இன்னொன்று. ஒரே ஆசாமி விற்கிற இரண்டு சட்டைகளில் கையெழுத்து அச்சு அசலாக ஒன்று போல் இருந்தால் இரண்டுமே போலி. எந்த மனிதனும் மயிரிழை மாறாமல் இரண்டு முறை கையெழுத்துப் போட முடியாது. பாங்கு கிளார்க்குகளைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் இந்தச் சோதனை எல்லாம் போலியைப் பிடிக்கத்தான் உதவும். அசல் என்று நிரூபிக்க உதவாது. எல்லாச் சோதனையிலும் தேறிய கையெழுத்து, கெட்டிக்காரத் திருடன் போட்டதாகவும் இருக்கலாம்.

கவாஸ்கர் சட்டை

அசலுக்கு என்னதான் அத்தாட்சி? பார்த்த கண்தான்!

2023 மே 14. சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுடன் ஆட்டம் முடிந்து, சென்னை வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வருகிறார்கள். சுனில் கவாஸ்கர் ஓடி வருகிறார். தான் போட்டிருந்த சட்டையிலேயே டோனியிடம் கையெழுத்து வாங்குகிறார். உலகமே டி.வி.யில் பார்த்தது. அந்தச் சட்டைக்கு எந்த சர்ட்டிபிகேட்டும் வேண்டியதில்லை. நாளைக்கே ஒருவன் வேறு சட்டையில் கிறுக்கி "இதுதான் கவாஸ்கர் சட்டை" என்று கொண்டு வந்தாலும், மார்பில் எந்த இடத்தில் பேனா பட்டது என்று வீடியோவில் ஒத்துப் பார்த்து விடலாம்.

இடையஞ்சாவடி பக்கத்து ஜனங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆரோவில்லை ஒட்டிய ஊர். மனை வாங்குவதும் விற்பதும் தெரிந்த ஊர். நாலு சென்ட் மனை வாங்குவதற்கு என்ன செய்கிறார்கள்? மூலப் பத்திரம் கேட்கிறார்கள். வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள். பத்திர ஆபீசில் இரண்டு சாட்சிகள் நின்று கையெழுத்துப் போடுகிறார்கள். பத்திரத்தில் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று யாராவது மனை வாங்கியது உண்டா?

டோனி சட்டைக்கும் அதே வில்லங்கம்தான். எந்த ஊரில் போட்டது? எந்தத் தேதி? யார் வாங்கினார்கள்? அப்போது எடுத்த போட்டோ உண்டா? அவரிடமிருந்து உன் கைக்கு எப்படி வந்தது? பதில் சொல்லத் தெரியாதவனிடம் வாங்கக் கூடாது. போட்டோ காட்டினாலும் கொஞ்சம் உஷார். 2023 மே மாதம் தன் பெயரும் படமும் குரலும் போலி விளம்பரத்தில் வருவதாக தெண்டுல்கர் தரப்பில் மும்பை போலீசில் புகார் கொடுத்தார்கள். 2024 ஜனவரியில் அவர் பேசுகிற மாதிரி பொய் வீடியோவே வந்தது. கம்ப்யூட்டர் இன்று எந்த வீரர் கையிலும் எந்தச் சட்டையையும் திணித்து விடும்.

போலீசும் கடைக்காரர்களும்

"நாலாயிரம் ரூபாய் விஷயம். இதுக்குப் போய் போலீசா?" என்று ஏமாந்தவர்கள் வீட்டில் இருந்து விடுகிறார்கள். மோசடிக்காரர்களுக்கு அதுதான் முதலீடு. ஆளுக்கு நாலாயிரம் என்று ஆயிரம் பேரிடம் அடித்தால் 40 லட்சம்!

மோசடிப் பேர்வழியை "420" என்று திட்டுவது நம் ஊர் வழக்கம். 2024 ஜூலை 1 முதல் சட்டத்தில் அந்த எண் மாறி விட்டது. பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318(4). ஏமாற்றுவதற்காகக் கள்ள ஆவணம் தயாரித்தால் 336(3). இரண்டுக்கும் 7 ஆண்டு வரை ஜெயில். கள்ள சர்ட்டிபிகேட் அடிப்பது விளையாட்டு அல்ல.

பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு. போலீஸ் நிலையத்தில் "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவது சரியல்ல. அனுப்பினாலும் விழுப்புரம் நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வைத்திருந்தால் கேஸ் பலமாக நிற்கும்.

விளம்பரத்தில் "ஆட்டோகிராப் பிரிண்ட்", "ரெப்ளிகா" என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் கதை வேறு. அது அச்சடித்த சரக்கு என்று அவனே சொல்லி விட்டான். அதற்கு 4,999 கொடுத்தால் கேஸ் நிற்காது.

ஆன்லைன் கடைகளும் "நாங்கள் சந்தை மட்டும்தான், விற்றவன் வேறு ஆள்" என்று கை கழுவ முடியாது. விற்பவனின் பெயர், முகவரி, போன் நம்பரைக் காட்ட வேண்டும் என்று 2020-ம் ஆண்டு விதி சொல்கிறது. புகார் வந்தால் 48 மணி நேரத்தில் பதில், ஒரு மாதத்தில் தீர்வு. இந்த விதி காகிதத்தில் தூங்கக் கூடாது. வீரர் கையெழுத்து என்று விற்கிற ஒவ்வொரு பொருளுக்கும், போட்ட தேதியையும் இடத்தையும் எழுதாமல் கடையில் ஏற்றவே கூடாது.

கிரிக்கெட் அணிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. அமெரிக்க பேஸ்பால் லீக், அந்தப் பந்து விவகாரத்துக்குப் பிறகு, 2001-ல் ஒரு ஏற்பாடு கொண்டு வந்தது. வீரர் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் ஒரு ஆள் நின்று பார்ப்பார். அவர் போலீஸ் வேலையில் இருப்பவர், அல்லது இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார். அந்த நம்பரை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். சாட்சி இல்லாவிட்டால் ஸ்டிக்கர் இல்லை.

சேப்பாக்கத்தில் அப்படி ஒரு மேஜை போடுவதற்கு எவ்வளவு செலவாகும்? ஒரு ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர், ஒரு ரிஜிஸ்டர், ஒரு ஸ்டிக்கர் ரோல். கோடி கோடியாக வீரர்களை ஏலம் எடுக்கிற அணிகளுக்கு இது டீக்காசு. ஐ.பி.எல். வழக்கமாக மார்ச்சில் தொடங்குகிறது. மஞ்சள் சட்டை விளம்பரம் அதற்கு முன்னாலேயே செல்போனுக்கு வந்து விடும். மேஜையை அதற்குள் போட வேண்டும்.