முந்தி எது? பிந்தி எது?

கல்யாண வீட்டில் நாலு பேர் கூடினால் நாலு யோசனை வரும். மாமா பந்தல் முக்கியம் என்பார். சித்தி நகை முக்கியம் என்பாள். பாட்டிக்கோ சாப்பாடுதான் கவலை!

கைப்பேசிக்குச் செயலி செய்கிறவர்கள் கதையும் இதுதான்.

தமிழக சர்க்கார் 2018-ம் ஆண்டு ஏப்ரலில் "உழவன்" செயலியைக் கொடுத்தது. மானியம், விதை இருப்பு, விளைபொருள் விலை, மழை நிலவரம் ஆகியவற்றைப் பட்டுக்கோட்டை விவசாயி வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

இப்படி ஒரு செயலி செய்யும்போது நூறு தேவைகள் வரிசையில் நிற்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. எது முதலில்?

நால்வர், நான்கு வழி

கணக்குப் புத்திக்காரர், "எதை அதிகம் பேர் கேட்கிறார்கள்? செலவு எவ்வளவு?" என்பார்.

ஒழுங்குக்காரர், "முதலில் பெயர்ப் பதிவு, மற்றது பிறகு" என்பார்.

புதுமைப் பிரியர், "இலையைப் படம் பிடித்தால் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும்" என்பார்.

இரக்க மனசுக்காரர், "எழுத்துக் கூட்டிப் படிக்கிற அம்மாளுக்கு இது புரியுமா?" என்று கேட்பார்.

நால்வர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஒருவர் பேச்சு மட்டும் எடுபட்டால் வந்தது ஆபத்து!

புயல் தந்த பாடம்

2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்தன. ஊர்கள் இருளில் மூழ்கின. கைப்பேசித் தொடர்பும் அறுந்தது.

நெட்டைத் தென்னங்கன்று வைத்தால் காய்க்க 5, 6 வருஷம் ஆகும். அதுவரை குடும்பம் என்ன செய்யும்? சேதக் கணக்கு சீக்கிரம் போய்ச் சேர்ந்தால்தான் நிவாரணம் சீக்கிரம் வரும்.

தொடர்பு இல்லாதபோதும் விவரத்தைக் குறித்து வைத்து, தொடர்பு வந்ததும் அனுப்பும் வசதி வேண்டும். சாதாரண நாளில் இதை யார் கேட்பார்கள்? தலைகளை எண்ணினால் இது கடைசி. புயல் நாளிலோ இதுவே முதல்!

நான்கு கூடை

1994-ல் டாய் கிளெக் என்பவர் ஒரு வழி சொன்னார். தேவைகளை நான்கு கூடையில் பிரிக்க வேண்டும். கட்டாயம் வேண்டியது, வேண்டியது, இருந்தால் நல்லது, இப்போது வேண்டாதது.

நல்ல வழிதான். ஆனால் எதை எந்தக் கூடையில் போடுவது என்று தீர்மானிப்பது மனிதனின் மனப்போக்கு அல்லவா?

ஆகவே நால்வரும் ஒன்றாக உட்கார வேண்டும். ஐந்தாவது ஆளாக விவசாயியும் உட்கார வேண்டும். முதலில் அவர் பேசட்டும்.

கல்யாணத்தில் மணமக்களைக் கேட்காமல் முகூர்த்தம் வைக்கலாமா?