டிரைவரை மாற்றினால் ஸ்லைஸ் போகுமா?

டிரைவர் என்றதும் பிரிண்டர் டிரைவர் என்று நினைத்துவிடாதீர்கள். இது கோல்ஃபில் பந்தை அதிக தூரம் அடிக்கும் மட்டை. திருவொற்றியூரிலிருந்து நகரைக் கடந்து நந்தனம் காஸ்மோ மைதானத்துக்குப் போய் ஆடும் என்னிடம் ஆபீஸ் நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: “ஸ்லைஸ் போக எந்த டிரைவர் வாங்கலாம்?”

வலது கை ஆட்டக்காரர் அடிக்கும் பந்து வலப்புறமாக வளைந்து போவதே ஸ்லைஸ். மட்டை வீசப்படும் பாதையைவிட அதன் முகம் வலப்பக்கம் திறந்திருப்பதுதான் முக்கியக் காரணம். என்னைக் கேட்டால் இது சாஃப்ட்வேர் பிழை. ஹார்டுவேரை மட்டும் மாற்றினால் தீராது.

அதற்காக ஹார்டுவேர் வீண் என்று சொல்ல மாட்டேன். ‘டிரா பயாஸ்’ மாடல்களில் எடை தண்டுப் பக்கம் கூடுதலாக இருக்கும். முகம் நேராகத் திரும்ப இது உதவும். 9 டிகிரி சாய்வுக்குப் பதில் 10.5 அல்லது 12 எடுத்தால் வளைவு குறையும். டெய்லர்மேட் 2004-ல் கொண்டுவந்த ஆர்7 குவாடில் எடைத் திருகுகளை நாமே இடம் மாற்றலாம். இவை வளைவைக் குறைக்கும்; பிழையைத் திருத்தாது.

புது டிரைவரின் விலைக்கு ஒரு லேப்டாப்பே வாங்கிவிடலாம். எனவே முதலில் செல்போனில் ஸ்லோமோஷனில் உங்கள் வீச்சைப் படமெடுங்கள். பிடியைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகும் வளைந்தால், லாஞ்ச் மானிட்டர் உள்ள இடத்தில் இரண்டு மாடல்களில் பத்துப் பத்துப் பந்து அடியுங்கள். தூரத்தைப் பார்க்காதீர்கள், பாதைக்கும் முகத்துக்கும் உள்ள கோண வித்தியாசத்தைப் பாருங்கள்.

முதலில் டீபக், பிறகுதான் அப்கிரேடு!