யானைக்காலுக்கு எண்ணெய் வேண்டாம், சோப்பு கொடுங்கள்!

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பஸ் ஏறி இறங்குகிறவர்களுக்கு இந்த மாதிரி நோட்டீஸ் ஒன்றும் புதிதல்ல. கழிப்பறைச் சுவர், டீக்கடைத் தட்டி, மின்கம்பம் என்று ஓர் இடம் விடாமல் ஒட்டியிருப்பார்கள். மூலம், பௌத்திரம், விரைவீக்கம், யானைக்கால்... ஆபரேஷன் இல்லாமல் பரிபூரண குணம்! கீழே ஒரு செல் நம்பர். படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறவர்கள் நிறைய பேர். சிரிக்காமல் அந்த நம்பரைக் குறித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. அவர்களைத் திட்டுவதற்காக அல்ல, அவர்களை அந்த நோட்டீஸ் வரைக்கும் தள்ளிவிட்டது யார் என்று கேட்பதற்காக.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். யானைக்கால் நோய்க்குக் காரணம் உச்சரேரியா பான்கிராஃப்டி என்ற நூல் போன்ற புழு. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு இதை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோகிறது. வளர்ந்த புழு உடம்பின் நிணநீர்க் குழாய்களில் குடியேறி, சுமார் 6 முதல் 8 ஆண்டுகள் வரை உயிரோடு இருக்கும். அதன் குட்டிகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் சுற்றும். அதனால்தான் ரத்தப் பரிசோதனைக்கு ஆட்கள் ராத்திரியில் வீடு தேடி வந்தார்கள். புழு ஒருநாள் செத்துப்போகும். ஆனால் அது கெடுத்துவிட்டுப் போன குழாய்கள் திரும்பச் சரியாவதில்லை. கால் வீங்க ஆரம்பிக்கிறது.

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். வீங்கிய காலோடு ஒருவர் வரும்போது பெரும்பாலும் அவர் உடம்பில் உயிருள்ள புழுவே இருக்காது. 1947 முதல் பயன்பாட்டில் இருக்கும் டிஇசி மாத்திரை ரத்தத்தில் உள்ள குட்டிப் புழுக்களைக் கொல்லும், நோய் பரவுவதைத் தடுக்கும். முற்றிய வீக்கத்தை அது வடியவைக்காது. மாத்திரை சாப்பிட்டும் கால் அப்படியே இருக்கிறது என்றால் மருந்தில் கலப்படம் இல்லை, டாக்டர் ஏமாற்றவும் இல்லை. அந்த மருந்துக்கு அங்கே வேலை இல்லை, அவ்வளவுதான். ஆனால் இதை நோயாளிக்கு உட்கார்ந்து புரிய வைப்பது யார்?

அமெரிக்காவிலும் இதே கதை வேறு பெயரில் நடக்கிறது. 1975இல் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊர்ப்பக்கம் கவனத்துக்கு வந்தது லைம் நோய். உண்ணி கடித்து வரும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடும். சிலருக்கு மட்டும் சிகிச்சை முடிந்த பிறகும் மூட்டுவலியும் சோர்வும் மாதக்கணக்கில் போகாது. மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. டாக்டர் கையை விரித்த இடத்தில் மூலிகைச் சாறு, விதவிதமான ஊசி, விலை உயர்ந்த 'நச்சு நீக்க' சிகிச்சை எல்லாம் கடை விரித்துவிட்டன. கிருமியை மட்டும் பார்த்துவிட்டு, மிச்சம் இருக்கும் மனிதனைப் பார்க்காமல் அனுப்பினால் எந்த நாட்டிலும் இதுதான் நடக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடவு வேலைக்குப் போகும் ஒரு பெண்மணியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு கால் முழங்கால் வரை வீங்கியிருக்கிறது. சேற்றில் நின்று நின்று விரலிடுக்கில் சேற்றுப்புண். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை குளிர் ஜுரம் வரும், தொடையிடுக்கில் நெறி கட்டும், கால் நெருப்பாகச் சிவக்கும். ஒரு வாரம் படுக்கை, ஒரு வாரக் கூலி போச்சு. காய்ச்சல் போன பிறகு பார்த்தால் கால் முன்னைவிட ஒரு சுற்று பெருத்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிறார். இரண்டு நிமிஷம். "இது யானைக்காலும்மா, இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஒரு சீட்டு. அந்தக் காலை யாரும் தொடக்கூட இல்லை.

அடுத்து அவர் போவது எண்ணெய் விற்பவரிடம். அவர் உட்காரச் சொல்கிறார். காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்கிறார். கழுவித் துடைக்கிறார், தடவிக் கொடுக்கிறார், எப்போது ஆரம்பித்தது, வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று விசாரிக்கிறார். "மூணு மாசத்துல பழைய கொலுசு போட்டுக்கலாம் தாயி" என்கிறார். பாட்டில் விலை சில ஆயிரம். அந்தப் பெண்மணி முட்டாளா? இல்லவே இல்லை! காலைத் தொட்டுப் பார்த்த ஒரே ஆளிடம் அவர் பணம் கொடுத்திருக்கிறார். பகுத்தறிவு பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு மூடநம்பிக்கை என்று முத்திரை குத்துவதில் அர்த்தமே இல்லை.

ஆனால் அந்த எண்ணெய் என்ன செய்கிறது? தேங்காய் எண்ணெய் மாதிரி எதையாவது தடவினால் வறண்ட தோல் கொஞ்சம் மிருதுவாகும். அந்த அளவோடு நின்றால் பரவாயில்லை. கொப்புளம் வரவைக்கும் பச்சிலைப் பற்று, சூடு வைப்பது, கீறி ரத்தம் எடுப்பது, கயிற்றை இறுக்கிக் கட்டுவது எல்லாம் பச்சை துரோகம். ஏனென்றால் யானைக்கால் பெருப்பது பழைய புழுவால் மட்டும் இல்லை. தோலில் ஏற்படும் சின்னச் சின்ன வெடிப்பு, விரலிடுக்குப் புண் வழியாகப் பாக்டீரியா உள்ளே போகிறது. நிணநீர் ஓடாத காலில் அதை எதிர்க்கும் சக்தி குறைவு. அதுதான் அந்தக் குளிர் ஜுரம். ஒவ்வொரு ஜுரமும் மிச்சமிருக்கும் குழாய்களையும் கெடுக்கும், வீக்கம் அடுத்த படிக்கு ஏறும். காலில் புதிதாக ஒரு காயத்தை உண்டாக்கும் எந்த வைத்தியமும் அடுத்த ஜுரத்துக்கு வாசல் திறந்து வைக்கிறது.

அப்படியானால் எது உதவும்? கேட்டால் சிரிப்பு வரும். சாதாரண குளியல் சோப்பும் சுத்தமான பச்சைத் தண்ணீரும்தான்.

தினம் ஒருமுறை, முடிந்தால் இரண்டு முறை காலைச் சோப்பு போட்டு மெதுவாகக் கழுவ வேண்டும். ஒவ்வொரு விரலிடுக்கையும், ஒவ்வொரு மடிப்பையும் கழுவி, தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து உலர்த்த வேண்டும். புண் இருந்தால் டாக்டர் சொன்ன களிம்பு. ராத்திரி கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்திக்கொள்ளலாம். உட்காரும்போது காலை முக்காலி மேல் நீட்டிக்கொண்டு, கணுக்காலை மேலும் கீழும் அசைக்க வேண்டும். காலைக் கடிக்காத செருப்பு, வெறுங்காலோடு நடக்கக் கூடாது. ஜுரம் வந்தால் மட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு ஓய்வு, ஈரத்துணி, உடனே டாக்டர். பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் ஜெருசா டிரேயர் என்ற மருத்துவர் 1990களில் நோயாளிகளைக் கூட்டி 'நம்பிக்கைக் கழகங்கள்' நடத்தி ஒருவருக்கொருவர் இதைத்தான் சொல்லிக்கொடுக்க வைத்தார். ஹைட்டியிலும் இதே வழி. ஜுரம் வருவது குறைந்தது. ஜுரம் குறைந்தால் வீக்கம் ஏறுவது நிற்கும். ஆரம்ப நிலையில் இருந்தால் வீக்கம் இறங்கவும் செய்யும். முற்றிய கால் பழையபடி ஆகாது. ஆனால் மாதம் முழுக்க வேலைக்குப் போகலாம், நாற்றம் இல்லாமல் நாலு பேர் நடுவில் உட்காரலாம். இது சின்ன விஷயமா?

'அப்ப பாரம்பரிய வைத்தியமே வேண்டாமா?' என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேரளத்தின் காசர்கோட்டில் பயன்பாட்டுத் தோல் மருத்துவ நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே நவீனத் தோல் மருத்துவமும் ஆயுர்வேதமும் யோகாவும் ஒரே நோயாளிக்குச் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. கழுவுவது, மூலிகைக் கஷாயத்தில் காலை ஊறவைப்பது, நீவி விடுவது, மூச்சுப் பயிற்சியோடு ஆசனங்கள், அதன்பிறகு அழுத்தக் கட்டு. வீக்கம் குறைந்ததை அளந்து பத்திரிகைகளில் வெளியிட்டிருக்கிறார்கள். நல்லது, அளந்தார்களே! ஆனால் குல்பர்காவிலும் ஆலப்புழையிலும் செய்த அவர்களின் பெரிய ஆய்வு, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு அல்ல. கழுவியதால் குறைந்ததா, கட்டியதால் குறைந்ததா, கஷாயத்தால் குறைந்ததா என்று அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பாரம்பரியத்தை மதிக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். டேப்பை எடுத்துக் காலை அளக்கத் தயாராக இருப்பவர் வைத்தியர். அளக்கவே விடாமல் அடுத்த பாட்டிலை நீட்டுகிறவர் வியாபாரி. சித்தாவா அலோபதியா என்ற பட்டிமன்றத்தில் இந்த வியாபாரிதான் நைசாகத் தப்பித்துப் போகிறார்.

இப்போது அரசாங்கத்தின் பக்கம். தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955இல் ஆரம்பித்தது. பாண்டிச்சேரியில் 1975 முதல் கொசு ஆராய்ச்சிக்கென்றே ஒரு மத்திய நிறுவனம் இருக்கிறது. 1990களில் அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலேயே ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரை கொடுத்து, நோய் பரவல் எவ்வளவு குறைகிறது என்று கணக்கெடுத்தார்கள். 2004 முதல் நாடு முழுக்க நோயுள்ள மாவட்டங்களில் ஊரையே வரிசையில் நிற்க வைத்து மாத்திரை கொடுத்தார்கள். 2015க்குள் ஒழிப்போம் என்றார்கள், இப்போது இலக்கு 2027. இலக்கு தள்ளிப்போனாலும் தமிழ்நாட்டில் ரத்தத்தில் புழு உள்ளவர்கள் வெகுவாகக் குறைந்தது உண்மை. இதைப் பாராட்டாமல் இருந்தால் நன்றி கெட்டதனம்.

ஆனால் 2000இல் தொடங்கிய உலக ஒழிப்புத் திட்டத்துக்குக் கால்கள் இரண்டு. ஒன்று, நோய் பரவுவதை நிறுத்துவது. இன்னொன்று, ஏற்கெனவே வீங்கியவர்களின் துன்பத்தைக் குறைப்பது. முதல் கால் ஓடுகிறது. இரண்டாவது கால் நொண்டுகிறது! மாத்திரையை எண்ணலாம், ரத்தத்தில் புழுவை எண்ணலாம். ஒரு கிழவி ராத்திரி வலியில்லாமல் தூங்கியதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? முகாம் நடத்தி பக்கெட், மக், சோப்பு, துண்டு, களிம்பு கொடுக்கிறார்கள், சரி. ஒரு சோப்பு எத்தனை வாரம் வரும்? வாழ்நாள் முழுக்கக் கழுவ வேண்டிய காலுக்கு ஒரு நாள் முகாமா? தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை தருவது நான்காம் நிலை நோயாளிகளுக்கு. அதாவது கால் தூணாகும் வரை காத்திருக்க வேண்டும். முதல் நிலையிலேயே சோப்புக்கும் களிம்புக்கும் செலவழித்திருந்தால் எத்தனை பேர் நான்காம் நிலைக்கே போயிருக்க மாட்டார்கள்!

ஆண்களின் விரைவீக்கம் இன்னும் மோசம். உலகத்தில் சுமார் 2.5 கோடி ஆண்களுக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதற்கு ஆபரேஷன் செய்தால் தீரும். ஆனால் வெட்கம்! வேட்டியை இறக்கிக் கட்டி மறைத்துக்கொண்டு, ராத்திரி நோட்டீஸ் நம்பருக்குப் போன் செய்கிறார்கள். 1954ஆம் ஆண்டின் மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் விரைவீக்கத்தின் பெயர் அச்சில் இருக்கிறது. குணமாக்குகிறோம் என்று விளம்பரம் செய்வதே குற்றம். சட்டம் வந்து 70 வருஷம் தாண்டியும், பசை காயாத நோட்டீஸ் அரசு பஸ் ஸ்டாண்டு சுவரிலேயே சிரிக்கிறது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் நின்றது. சாக்கடை கலந்த அந்தத் தண்ணீரில் நிற்பது வெடிப்பு விழுந்த காலுக்கு என்ன ஆகும் என்று இதற்குள் புரிந்திருக்கும். அரிசி, பால், போர்வை என்று நிவாரணப் பட்டியல் எழுதும்போது, இந்த ஊரில் வீங்கிய கால் எத்தனை, அவர்களுக்குச் சோப்பும் களிம்பும் உலர்ந்த துணியும் யார் கொண்டுபோவது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ள எவ்வளவு செலவாகும்?

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதம் ஒரு நாள், ஒரு முக்காலி, ஒரு பேசின், ஒரு நர்ஸ். வருகிறவர்களின் காலைத் தொட்டுக் கழுவிக் காட்டி, டேப்பால் அளந்து, நோட்டில் எழுதி, அடுத்த மாதத்துக்கான சோப்பும் களிம்பும் கையில் கொடுத்து அனுப்பட்டும். முதல் நிலையிலிருந்தே கொடுக்கட்டும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கிற மாணவர்கள் சுற்றுக் கிராமங்களில் இதைச் செய்தால் படிப்புக்கும் படிப்பு ஆச்சு.

நண்பர்களே, வீட்டிலோ தெருவிலோ வீங்கிய காலோடு ஒரு பாட்டி, ஒரு பெரியம்மா இருந்தால் எண்ணெய் பாட்டிலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு போய், பக்கத்தில் உட்கார்ந்து, எப்படிக் கழுவுவது என்று ஒரு தடவை செய்து காட்டுங்கள். நோட்டீஸ்காரன் தொடுகிற காலைத் தொட மற்றவர்கள் ஏன் தயங்க வேண்டும்?